டொங்கிளில் பூக்காத ரோஜா

இன்று காலை புறநகரான லவாலிலிருந்து மெட்ரோ ரயிலில் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் குமார் அண்ணை. கலியாண வீடுகளில் சவுண்ட் செட்காரருக்கே பாடம் எடுக்கிறவர்.

என் போனில் தொங்கிய, ஹெட்போனைச் செருகும் ஒன்பது டொலர் இணைப்பான டொங்கிளைக் கண்டதும் முகத்தைச் சுழித்தார்.

"உதிலை பாட்டுக் கேக்கிறதுக்குக் கேக்காமலே இருக்கலாம். இதிலை போட்டுக் கேளும்."

தன் போனோடு ரப்பர் பட்டியால் கட்டி வைத்திருந்த, ஒலியைத் துல்லியமாக்கும் சவர்க்காரக் கட்டியளவு பெட்டியில் என் ஹெட்போனைச் செருகினார். பெட்டியின் விலையை இரண்டு தரம் சொன்னார்.

ஒரு முருகன் பாட்டு. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஒரே இரைச்சல்.

"வயலின் தனியாக் கேக்குதோ?"

"ஓம் அண்ணை."

அவருடைய போனை எட்டிப் பார்த்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது வாட்ஸ்அப்பில். பல பேர் கைமாறி ஒலி தேய்ந்து வந்த வீடியோ. திரை நிறைய ஒரு ரோஜாப்பூ, அதன் மேல் "இனிய காலை வணக்கம்".

"எனக்கும் அனுப்பிவிடுங்கோ அண்ணை" என்றேன். பெருமையோடு அனுப்பினார்.

வேலைக்கு வந்து என் டொங்கிளில் கேட்டேன். அதே இரைச்சல். ஒரு துளிகூடக் குறையவில்லை.

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கு என்ன பூ வந்தது? அனுப்பிவிடுங்கள். அண்ணையின் பெட்டி பசியோடு இருக்கிறது.