இடப்பக்கத்து இருக்கை

"பிரேக்."

சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி தேவசகாயம் காத்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. ஒரு மூச்சு போய் வந்ததும் "கண்ணாடி" என்றார். பிறகு "பெல்ட்". கடைசியில் "கதவு". ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே அளவு இடைவெளி. அதன் பிறகே சாவியைத் திருப்பினார்.

"இன்னா சார், டேக்-ஆஃப்பா?" எதிர் டீக்கடையிலிருந்து சீனுவாசன் கத்தினார்.

"மேகம் இல்ல, போலாம்."

"ரேஸ்ல ஓட்டுனவருன்றாங்க. நேத்து மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு போன டிராக்டரு உங்கள ஓவர்டேக் பண்ணிச்சே?"

"மார்க்கெட் கமிட்டி மூடறதுக்குள்ள அவன் கடலைய விக்கணும். நான் கத்திரிக்கா வாங்கப் போறேன்."

திண்டிவனத்தில் அந்தப் பழைய மாருதியைத் தெரியாதவர்கள் குறைவு. எண்பது வயதுக்காரர் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமாட்டார். கல்லூரியில் படிக்கும்போது நண்பனின் காரைச் சோழவரத்தில் இரண்டு வருடம் ரேஸ் ஓட்டினார். வாங்கிய ஒரே கோப்பையில் இப்போது வேப்பங்குச்சிகள் நிற்கின்றன. பிறகு விமானப்படை. எழுபத்தொன்று யுத்தத்தில் டக்கோட்டா விமானத்தின் துணை விமானி. குண்டு போட்டீர்களா என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "அரிசி கொண்டுபோனோம். அடிபட்டவங்கள ஏத்திக்கினு வந்தோம். அவ்ளோதான்."

டக்கோட்டாவில் புறப்படும் முன் வலப்பக்கம் இருக்கும் துணை விமானி சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார், இடப்பக்கம் இருக்கும் கேப்டன் பதில் சொல்வார். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. ஓய்வுபெற்று வந்து கார் வாங்கியபோது, இடப்பக்கம் உட்கார்ந்த மனைவி இருதயமேரிக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். "அப்ப நான்தான் கேப்டனா? கேப்டன் சொல்றேன், மொதல்ல கறிக்கடைக்கு வுடுங்க" என்றார் அந்த அம்மாள். இருபத்தாறு வருடம் பதில் சொன்னார். கதவுக்கு மட்டும் அவர் பதில் கொஞ்சம் நீளம். "சாத்தியாச்சு, கெளம்புங்க."

இருதயமேரி இறந்து மூன்று வருடமாகிறது. வீட்டில் தேவசகாயம் பேசுவதில்லை, பேச ஆளில்லை. அந்த நான்கு சொற்களைச் சொல்லத்தான் தினமும் காரை எடுக்கிறாரோ என்றுகூடத் தோன்றும். காரை விற்கச் சொல்லி டொரண்டோவிலிருந்து மகள் ஜெசிந்தா வாரம் தவறாமல் சொன்னாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு போனாள். ஓட்டும்போது ஒரு தப்பு நடந்தாலும் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அவரும் சரி என்றார்.

வியாழக்கிழமை அடுத்த வீட்டு அமலா, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கும் அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோகப் புறப்பட்டார். பஸ் வரவில்லை. தேவசகாயம் இடப்பக்க இருக்கையில் ஏற்றிக்கொண்டார். பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார். "கதவு" என்றார். ஒரு மூச்சு. சாவியைத் திருப்பினார்.

கூட்டேரிப்பட்டு தாண்டி, லாரிக்கு ஒதுங்கியபோது இடப்பக்கக் கதவு விரியத் திறந்துகொண்டது. கதவைச் சரியாகச் சாத்தவிடாமல் இடுக்கில் சிக்கியிருந்த அமலாவின் முந்தானை வெளியே பறந்தது. கஞ்சித் தூக்கு சாலையில் விழுந்து உருண்டது. பெல்ட் பிடித்துக்கொண்டது.

தேவசகாயம் காரை ஓரமாக நிறுத்தினார்.

"கதவுன்னு சொன்னேனேம்மா."

"நீங்க இன்னாமோ ஒண்ணொண்ணா சொல்லிக்கினு இருந்தீங்களா சார், ஜெபம் பண்றீங்கன்னு கம்முனு இருந்துட்டேன்."

அவருக்கு முந்தானை சிக்கியது பெரிதாகப் படவில்லை. சாவியைத் திருப்பும் முன் அவருக்குப் பதில் கேட்டிருந்தது. தெளிவாக, இருதயமேரியின் குரலில், கிளம்பச் சொல்லியே கேட்டது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். நீங்க பேஜாராவாதீங்க" என்றார் அமலா.

சாயங்காலம் அவரே மகளைப் போனில் கூப்பிட்டு, ஓட்டும்போது ஒரு தப்பு நடந்துவிட்டது என்றார்.

"அடி கிடி பட்டுச்சாப்பா?"

"இல்ல. கதவு தொறந்துக்கிச்சு."

"கதவுதானே? அது யாருக்கும் நடக்கும்பா."

எப்போதும் விற்கச் சொல்பவள் இன்று விட்டுக்கொடுத்தாள்.

"யாரும் சொல்லாத பதில் எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார். "அப்புறம் ஓட்டக்கூடாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராஜ்குமார் என்ற டிரைவர் வந்தார். தேவசகாயம் வழக்கம்போல் காரை ஒரு சுற்று சுற்றி, நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். இடப்பக்கம் ஏறினார். மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், அமலாவுக்கு ஒரு புதுத் தூக்கு வாங்க வேண்டும். ராஜ்குமார் இன்ஜினைக் கிளப்பிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். தேவசகாயம் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

"சாத்தியாச்சு, கெளம்புங்க" என்றார்.