அந்தம்மா பிடித்த கைகள்

நம் ஊரில் ‘ஊமை கண்ட கனவு’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தொண்ணூறுகளில் நியூ ஜெர்சியில் அந்தக் கனவைக் கேட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. காது கேளாதவர்கள் மனநல டாக்டரிடம் வரும்போது அவர்கள் கையால் சொல்வதை நான் வாயால் சொல்வேன்; டாக்டர் வாயால் சொல்வதைக் கையால் காட்டுவேன். அவர்கள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்று எத்தனையோ பேருக்காக என் வாய் சொல்லியிருக்கிறது. பிறகு வீட்டுக்கு வந்து ரசம் வைப்பேன்.

பிஸ்கட்டவே என்ற ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒருமுறை தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். பத்தொன்பது வயது, பிறவியிலேயே காது கேட்காது. மாத்திரைகளை விழுங்கிப் பிழைத்தவள். இனி வீட்டுக்குப் போவதா, காது கேளாத பெண்கள் சேர்ந்து தங்கும் விடுதிக்குப் போவதா என்று பேச டாக்டர் அவள் அம்மாவை வரவழைத்திருந்தார். அப்பா வேலை விஷயமாக டெக்சாஸ் போயிருந்தார். அம்மா ஈரோட்டுப் பக்கம். “இங்கிலீஷ்ல ஷாப்பிங் வேணும்னா பண்ணிருவனுங்க, இதெல்லாம் பேச வராதுங்க” என்றார். அவருக்கு மட்டும் தமிழில் சொல்லும்படி டாக்டர் என்னைக் கேட்டுக்கொண்டார்.

வாயால் பேசுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருவது எங்கள் வழக்கம். அப்போதுதான் எதிரில் இருக்கும் காது கேளாதவருக்கு அவர் முகமும் எங்கள் கையும் ஒருசேரத் தெரியும். அந்தம்மாவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த நாற்காலிதான் உறுத்துகிறது.

மகளின் கை பேசியது. என் வாய் சொன்னது. “இத்தனை வருஷமா ஒரே டேபிள்ல சாப்பிடறோம். சாப்பிடு, தூங்குங்கறதைத் தவிர நீ என்கிட்ட என்னம்மா பேசியிருக்கே? நான் கையைத் தூக்கினா தட்டிவிடுவே.”

கையால் பேசப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராது என்று யாரோ ஒரு மேதாவி தெரபிஸ்ட் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அந்த அம்மா. பேச்சும் வரவில்லை. பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அவள் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டாள். எனக்கு அந்தம்மா மேல் எரிச்சல்தான் இருந்தது.

ஆனால் மகள் பேசி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. குரல் என்னிடமிருந்து வந்ததால் என் முகத்தையே பார்த்தார். மகளைப் பார்க்கும்படி கைகாட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடியும் என்னிடமே திரும்பினார். சட்டென்று என் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டு உடைந்து அழுதார்.

“தப்புப் பண்ணிப்போட்டேன் சாமி. எப்படியாச்சும் உன்னைய பேச வெக்கோணும்னு உன்ற கையைக் கட்டிப்போட்டேன். இனிமே நீ என்ன காட்டினாலும் கத்துக்கறேன். வீட்டுக்கு வா கண்ணு.”

மகள் பிறந்ததிலிருந்து காத்திருந்த பேச்சு அது. அதைச் சொல்ல வேண்டிய கைகளோ அவர் பிடியில் இருந்தன. உருவப் பார்த்தேன், விடவில்லை. எதிரே மகள் கண்டதெல்லாம், தன் அம்மா இன்னொருத்தியின் கையைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்து அழுவதைத்தான்.

மகள் கண்களை மூடிக்கொண்டாள். நமக்கு ஒரு பேச்சு வேண்டாமென்றால் எழுந்து போக வேண்டும். அவளுக்குக் கண்ணை மூடினால் போதும். நான் கையை விடுவித்துக்கொண்டு தோளைத் தொட்டபோது உதறிவிட்டாள். டாக்டர் எழுதிக் காட்டிய தாளைக் கண் திறந்து பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, டாக்டரை மட்டும் பார்த்து, விடுதிக்குப் போகிறேன் என்று காட்டினாள். நான் கையை உயர்த்துவதற்குள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் அந்தம்மா கேட்டார். “நான் சொன்னதெல்லாம் அவகிட்டச் சொல்லிட்டீங்கள்லங்க?”

“அவ பாக்கலைங்க” என்றேன். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

காரில் சாய்ந்துகொண்டார். “மன்னிச்சுக்கோன்னு கையில எப்படிங்க சொல்றது?”

கையை மூடி நெஞ்சில் வட்டமாகத் தேய்த்துக் காட்டினேன். அவர் ஆஸ்பத்திரி ஜன்னல்களைப் பார்த்து நின்று, அதேபோல் திரும்பத் திரும்பத் தேய்த்தார். மகள் இருந்த வார்டோ கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.