தென்னையடிக் காளான்

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்று சேலத்து டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. கால் வீங்கினால் தாமதிக்காமல் வந்துவிடச் சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குள் மேட்டூரிலிருந்து வந்த நாத்தனார் ஒரு டப்பாவை நீட்டினாள். சீனத்து வைத்தியத்தில் பேர்போன காளானாம், பொடி செய்து அடைத்தது. மேலே, வார்னிஷ் அடித்தாற்போல மினுங்கும் சிவப்புக் காளானின் படம். மறுநாளே மாத்திரைகள் அலமாரிக்குப் போயின, பொடி காப்பியில் கரைந்தது. கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை பட்டினியும் கிடந்தேன். மனுஷர் மசியவில்லை.

டப்பா தீரும் சமயத்தில், மழை விட்ட ஒரு காலையில், தோட்டத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இங்க வந்து பாரு! நம்ம தோட்டத்துலயே வெளஞ்சிருக்குது!"

கிணற்றடித் தென்னையின் தூரில் தட்டுத் தட்டாக அதே சிவப்புக் காளான். டப்பாவைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்குப் புதிதா என்ன? தூர் அழுகிய தென்னையில் வருவது. "காளான் வெளிய தெரியறப்ப உள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்று சொல்லி, அப்படிப்பட்ட மரங்களை வேரோடு தோண்டி எரித்தவரே இவர்தான். இப்போது அதே மரத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டார். காளானை அறுத்து, மஞ்சள் காயப்போடும் களத்தில் உலர்த்தி, இடித்துக் குடித்தார்.

"மரத்தக் கொல்லுறது மனுசனக் காப்பாத்துமாங்க?" என்றேன்.

"மரம் சாவுது. காளான் நல்லாத்தான இருக்குது? அந்தத் தெம்பு எனக்கு வரட்டுமே."

சிரிக்கத்தான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இதே நோயில் மிஷினும் ஊசியுமாகக் கிடந்து போன தன் அண்ணனை நினைத்து அவர் நடுங்கிக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எனக்கும் பயம்தான். அதைக் கோபமாகக் கொட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் பக்கத்துத் தென்னையின் தூரிலும் அழுகலின் முதல் அறிகுறியாகச் செந்நிறச் சாறு கசிந்தது. எங்கள் மகள் பிறந்தபோது அவர் நட்ட மரம். அதைத் தடவியபடி வெகு நேரம் நின்றார். பிறகு ஆளை வரவழைத்து இரண்டையும் வெட்டச் சொன்னார். களத்தில் காய்ந்த காளான்களைத் தானே அள்ளி நெருப்பில் போட்டார்.

அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"எனக்கு வெளிய ஒண்ணும் தெரியலையில்ல, புள்ள?"

பிடித்துவிடுகிற சாக்கில் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி எழும்பாமல் அப்படியே நின்றது.

"ஒண்ணும் தெரியலைங்க. காலைல முதல் பஸ்ஸுக்கே டாக்டர்கிட்டப் போயிரலாம்."

சரி என்று தலையசைத்துவிட்டு, வேட்டியை இழுத்து அந்தக் காலை மூடிக்கொண்டார்.