ஈயம் விரித்த தட்டு

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் முதன்முதலாகக் கார் வாங்கியவன் நான்தான். லொறி கழுவத் தொடங்கி, பிறகு லொறி ஓட்டி, கடைசியில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது விட்டுப்போன ஏ ஃபோட்டி காரை விலை பேசி வாங்கினேன். அதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. கார் இருக்கிறது.

எழுபதுகளில் எங்கள் பக்கத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தான் உயிரோடிருந்தபோது இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவர் கண்ணை மூடிய பிறகுதான் அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கல்யாணம் என்று ஒன்று எனக்கு அமையவில்லை. சொந்தம் என்று சொல்ல அக்கா ஒருத்திதான்.

போகிறவர்களைப் பெட்டி படுக்கையோடு தோட்டத்து லொறியில் ஏற்றி, நானுஓயா ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். என் அக்கா அப்படிப் போகக் கூடாது, காரில்தான் போவாள் என்று கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

சொன்ன வாரமே பொனட்டைத் திறந்தால் பெட்டரி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அசிட் கசிந்து, மலைப்பனியும் சேர்ந்து, அது உட்காரும் தட்டு தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. விரல் வைத்தால் உள்ளே போனது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. ஹட்டனில் கார் திருத்துகிற பாஸ் ஒருவர் பார்த்துவிட்டு, கம்பியால் இழுத்துக் கட்டி ஓட்டச் சொன்னார். கம்பி கட்டி ஓட்டுகிறவன் நான் இல்லை.

பெட்டரியை இறக்கினேன். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற, நுரைத்துப் பொங்கியது. பொங்குவது அடங்கும்வரை ஊற்ற வேண்டும். அசிட் மிச்சமிருந்தால் எந்தப் பெயின்டும் நிற்காது. நல்ல இரும்பு வரும்வரை துருவை வெட்டி எடுத்தேன். பழைய எண்ணெய் பீப்பாயைப் பிளந்து, தட்டி நிமிர்த்தி, ஓரம் மடித்துப் புதுத் தட்டு செய்தேன். ரிவெட் அடித்து, சிவப்பு ஓக்சைட் பூசி, இடுக்குகளில் தார் வைத்தேன். யாரும் சொல்லித் தந்ததில்லை.

பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரு காருன்னு ஊரெல்லாம் பேசுன. ஒரு தட்டு போட இத்தன பாடாடா தம்பி?"

"தட்டு மேலதான்க்கா காரே நிக்கிது."

"அப்ப சக்கரம் எதுக்கு?"

தட்டின் மேல் விரிக்க ஈயம் தேவைப்பட்டது. ஈயத்தை அசிட் தின்னாது. அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். பிறகு வந்த பெட்டிகளில் வேறு தாள். அசிட் பட்டால் பொடிந்துபோகும். தோட்டம் முழுக்கத் தேடியதில் பழைய பெட்டி ஒன்றுதான் அகப்பட்டது. அதில் அக்கா தன் சேலைகளை அடுக்கி வைத்திருந்தாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சேலைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஈயத்தாளைக் கிழியாமல் உரிக்கத் தொடங்கினாள்.

"சேலையெல்லாம் நனைஞ்சுறும்க்கா."

"அங்கிட்டு மழையே இல்லைங்கிறாங்க. ஈயத்த வச்சு நான் என்ன செய்ய? இங்கன கெடந்து நனையப் போறது நீதான். வச்சுக்க."

நாலாக மடித்துத் தட்டில் விரித்து, பெட்டரியை ஏற்றினேன். அசையவில்லை.

போகிற அன்று காலையில் கார் முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆனது. அக்காவைத் துரைசாணி மாதிரி பின்சீட்டில் உட்கார வைத்தேன். லொறி முன்னால் நின்றது. அதில் இந்தியா போகிறவர்களைவிட வழியனுப்ப வருகிற லயத்துப் பெண்கள்தான் அதிகம். "துரைசாணியம்மா வாறாங்க, ஒதுங்குங்கடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

தோட்டத்து வளைவுகள் முடிந்து நல்ல ரோடு வந்ததும் லொறியை முந்துவதற்காக ஹோன் அடித்தேன். அக்கா பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள்.

"முந்தாத தம்பி. பின்னாடியே போ. அவுங்க மொகம் தெரியட்டும்."

லொறியில் அவர்கள் எங்களைப் பார்த்தபடி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஒருத்தி மடியில் இன்னொருத்தி சாய்ந்திருந்தாள். கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவள் என் தலைக்கு மேலாக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகையைக் குடித்துக்கொண்டு நானுஓயாவரை அப்படியே ஓட்டினேன்.

ரயில் போன பிறகு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதபடியே லொறியில் ஏறினார்கள். "நீங்களும் இதுலயே வாங்கண்ணே" என்றாள் ஒருத்தி. காரை எங்கே விடுவது? தனியே ஏறி உட்கார்ந்தேன். ரோடு அகலமாகக் கிடந்தது. நினைத்திருந்தால் எங்கு வேண்டுமானாலும் முந்தியிருக்கலாம். தோட்டம் வரைக்கும் லொறிக்குப் பின்னாலேயே வந்தேன். அவர்கள் முகம் தெரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டரி மாற்றியாயிற்று. அந்தத் தட்டில் ஒரு பொட்டுத் துரு இல்லை. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். பொனட்டைத் திறந்து காட்ட எனக்கு எந்நேரமும் நேரமிருக்கிறது.