பூஜை அறையில் இருந்த பம்ப்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எழுதினால் பேச்சியம்மாள் பெரியம்மையை (எங்கள் பக்கம் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) யாராவது கேலி பேசிவிடுவார்களோ என்ற பயம்தான். போன ஆடியில் அவர்களே, "எழுதுட்டி வடிவு. படிக்கவங்க ஒரு உசிரக் காப்பாத்துனா போதும்" என்றார்கள். எங்கள் ஊர் நரசிம்மரைக் கும்பிட்டு எழுதுகிறேன்.

நான் பத்தாவது படித்து, நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்தவள். ஊர் கீழப்பாவூர். தென்காசியில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தேன். அதன் பிறகு வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது என்று இத்தனை காலம் ஓடிவிட்டது. கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் இதில் சேர்க்கவில்லை.

1. நிற்காத ஊசி

பேச்சியம்மாளின் மருமகள் முத்துலட்சுமி. கணவன் மிலிட்டரியில். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் பிரஷர் ஏறுகிற நோய் அவளுக்கு. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற சாதாரண பி.பி. இல்லை இது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். மாத்திரை மட்டும் போதாது என்று மதுரையில் டாக்டர் பம்ப் வைத்துவிட்டார்.

பம்ப் செல்போன் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப் வயிற்றுத் தோலுக்கு அடியில் போகும். ட்ரெப்ரோஸ்டினில் என்ற மருந்து ராத்திரி பகல் என்று பார்க்காமல் துளித்துளியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஊசி குத்தியிருக்கும் இடத்தை சைட் என்போம். டாக்டர் சொன்ன கணக்குக்கு சைட் மாற்ற நான் போவேன். எப்படிச் செய்வது என்று முத்துலட்சுமிக்கும் எனக்கும் மதுரையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சைட் சிவந்துபோய் வலிக்கும். "தீக்கங்கு வச்ச மாதிரி எரியுதுக்கா" என்று அழுவாள்.

"வலிக்குன்னு நீயா நிப்பாட்டிராத. டாக்டர்ட்ட சொல்லி வலிக்கு மருந்து கேப்போம்" என்பேன்.

பெரியம்மைக்கு அந்தப் பம்பைப் பார்த்தாலே ஆச்சரியம். "ஊசின்னா குத்துவாவ, பஞ்ச வச்சுத் தேய்ப்பாவ, வீட்டுக்கு வந்துருவோம். இது என்னட்டி, பச்சப்புள்ளைக்கு அரணாக்கொடி கட்டுன மாதிரி இடுப்புலயே கெடக்கு?"

அந்தக் கேலியில் ஒரு விஷயம் இருந்தது. எங்கள் பக்கம் ஊசி என்றால் போட்டதும் உடம்பில் தங்கிவிடும், ஒரு நாளாவது வேலை செய்யும் என்றுதான் நினைப்பு. பம்ப் நனையக்கூடாது, நிற்கக்கூடாது என்று இரண்டையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நனைவது கண்ணுக்குத் தெரியும். அதனால் அது மட்டும் அந்த வீட்டில் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

2. சந்தனம் வைத்திருந்தார்கள்

குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த சமயம். சைட் மாற்ற வேண்டிய நாள் என்று மதியச் சோற்று நேரத்துக்குப் போனேன். வீட்டில் இளைய மகன் மாரியப்பன் மட்டும் இருந்தான்.

"வாங்கக்கா. அம்மையும் மதினியும் காலைலயே குத்தாலம் போயிட்டாவ. மதினி எந்திச்சு நடந்தா அருவில குளிக்க வச்சுக் குத்தாலநாதரக் கும்புட வைக்கேன்னு அம்மைக்கு ஒரு நேர்ச்சை."

"குளிக்கவா? பம்ப் என்னாச்சு?"

"அது பத்திரமா இருக்கு. வந்து பாருங்க, ரிமோட்டுக்குச் சந்தனம் வச்ச ஒரே வீடு எங்க வீடுதான்."

பூஜை அறையில், சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலை மேல் பம்ப் இருந்தது. விபூதி, சந்தனம், குங்குமம், ஒரு துண்டுப் பூ. டியூபைச் சுத்தமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆஃப் செய்திருந்தது. நனைந்துவிடக்கூடாதே என்று அவ்வளவு மரியாதையாகக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

"ஏலே, இது நின்னா அவ மூச்சு நின்னுரும்லே" என்றேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

பெரியம்மை போனுக்கு அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அடுத்து, பம்ப் பையில் இருக்கும் அவசர கார்டைப் பார்த்து மதுரைக்கு அடித்தேன். டாக்டர் பதறாமல் பேசினார்.

"நீங்களா ஆன் பண்ணிடாதீங்கம்மா. பம்ப், மருந்து, கார்டு, எல்லாத்தையும் கையோட எடுத்துக்குங்க. பேஷண்ட் ஒரு அடி கூட நடக்கக்கூடாது. ஆக்ஸிஜன் குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அங்க இருக்கிற டாக்டரை என்கிட்ட பேசச் சொல்லுங்க."

மாரியப்பன் வண்டியை எடுத்தான். தூறலில் பம்பை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு பின்னால் உட்கார்ந்தேன். சீசன் கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் போனது. வழியெல்லாம் நரசிம்மா, நரசிம்மா என்றே வந்தேன்.

3. கயிறு

மெயின் அருவியில் வெள்ளம். போலீஸ்காரர்கள் குறுக்கே கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். சனம் எண்ணெய் தேய்த்த உடம்போடு காத்து நின்றது. கோயில் மதில் ஓரமாக முத்துலட்சுமி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டாள்.

"வா வடிவு, நீயும் குளிக்கவா வந்த?" என்றார்கள் பெரியம்மை. "ஒரு நிமிஷத்துல போயிட்டு வந்துரலாம்னு வந்தோம், வெள்ளத்துல மாட்டிக்கிட்டோம். இவ பசியில வாடிட்டா. கயித்த அவுக்கட்டும், ஒரு முழுக்கு போட்டா தெளிஞ்சிருவா."

"பெரியம்ம, இது பசி இல்ல. மருந்து நின்னுபோச்சு. இந்த ஊசி ஒடம்புல தங்காது. உள்ள போயிட்டே இருந்தாத்தான் உண்டு."

"ஒரு வேள நின்னா என்ன? அதான் நனையக்கூடாதுன்னு சொன்னாவளே!"

அந்த நேரம் பார்த்து விசில் அடித்தார்கள். கயிறு அவிழ்ந்தது. கூட்டம் ஓவென்று பாய்ந்தது. முத்துலட்சுமி மதிலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். "குளிச்சிட்டே போயிருவோம் அத்த... உங்க நேர்ச்ச..." என்றவள் அப்படியே சரிந்து என் தோளில் விழுந்தாள்.

பெரியம்மை அருவியைப் பார்த்தார்கள். மருமகளைப் பார்த்தார்கள். எத்தனையோ மாசமாக மனதில் சுமந்த நேர்ச்சை, கைக்கு எட்டும் தூரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அருவிப் பக்கம் கையெடுத்து, "குத்தாலநாதா, கோவிச்சுக்கிடாத" என்று ஒரு கும்பிடு. உடனே திரும்பி, "ஏலே மாரி! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? அந்த ஆம்புலன்ஸக் கூப்புடுலே!" என்று போட்ட சத்தத்தில் குளிக்கப் போனவர்களே விலகி வழிவிட்டார்கள். சீசனுக்காக நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் அது. உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

வண்டிக்குள் பெரியம்மை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "விட்ட மருந்தையும் சேத்து ரெண்டு மடங்கா ஏத்திரு வடிவு."

"அப்படிச் செய்யவே கூடாது பெரியம்ம. பிரஷர் ஒரேயடியா எறங்கிரும். டாக்டருங்க பேசி முடிவு பண்ணட்டும்."

தென்காசி ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களும் போனில் பேசி, புது சைட்டில், அவர்கள் சொன்ன அளவில், பக்கத்திலேயே இருந்து பார்த்துப் பார்த்து ஆரம்பித்தார்கள். முத்துலட்சுமி கண் விழித்துத் தண்ணீர் கேட்கிறவரை பெரியம்மை வாசலை விட்டு நகரவில்லை. பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

அவள் தேறி வந்த பிறகு நேர்ச்சை என்ன ஆவது என்று பெரியம்மைக்கு ஒரே கவலை. டாக்டரிடமே கேட்டுவிட்டார்கள். அருவி அடிக்கிற வேகமும் குளிரும் இவளுக்கு எப்போதுமே ஆகாது என்றார் அவர். அதனால் மாரியப்பன் ஒரு செம்பில் அருவித் தண்ணீர் எடுத்து வந்தான். பெரியம்மை மருமகள் தலையில் மூன்று தரம் தெளித்தார்கள். பம்ப் அவள் இடுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதா என்று தெளிக்கும் முன்னால் ஒரு தரம், தெளித்த பின்னால் ஒரு தரம் பெரியம்மையே குனிந்து பார்த்தார்கள்.

"கர்ப்பகிரகத்துல ராப்பகலா எரியுத தூண்டாமணி விளக்கு அணையலாமாட்டி? அதே கதைதான் இதுவும்" என்றார்கள். மதுரையில் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர்கள் கூட இவ்வளவு லேசாகப் புரிகிற மாதிரி சொன்னதில்லை. இப்போது எந்த வீட்டுக்கு இந்தப் பம்ப் வந்தாலும் இந்தப் பேச்சைத்தான் முதலில் சொல்லுகிறேன். குளிப்பதோ பயணமோ கோயிலோ, பம்பில் கை வைக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். மாற்றுப் பம்ப், பேட்டரி, கார்டு இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள். எதனாலாவது நின்றுபோனால் ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுதல். இதைப் படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லும்போது, பம்புக்குச் சந்தனம் வைத்ததோடு நிறுத்திச் சிரித்துவிடாதீர்கள். கயிறு அவிழ்ந்த பிறகும் ஒரு மாமியார் அருவிக்கு முதுகைக் காட்டித் திரும்பியதையும் சேர்த்து, நடந்தது நடந்தபடி சொல்லுங்கள்.