காலண்டர் கட்டை எழுப்பியவர்

பிள்ளைகளா, ஒரு நாடே தன் மக்களை வதைத்தால் அதை யார் தட்டிக் கேட்பது என்று கேட்டீர்கள். சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரிடம் நானும் இதையேதான் கேட்டேன். ஊர் ஊராக மனித உரிமை வகுப்பு எடுப்பவராம். பேசுமுன் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

“உலகத்துக்குன்னு போலீசு கெடையாதுங்க. மத்த நாடுக கூடி, எல்லாரும் பாக்க, கேள்வி கேக்கும்.”

“கேட்டா மட்டும் பயந்துருமாக்கும்?” என்று சிரித்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். முன்சீட்டில் ஒரு பெரியவர், தன் பக்கத்தில் காலண்டர் கட்டை உட்கார வைத்திருந்தார். காலில் காயத்துக்குத் துணி சுற்றிய பட்டாசு ஆலை அக்கா ஒருவர் நின்றுகொண்டே வந்தார்.

“அண்ணாச்சி, காலண்டரு எங்கன எறங்குது?” என்று பெரியவரிடம் கேட்டார் கண்ணாடிக்காரர்.

“என் கட்டு, என் சீட்டு. ஒங்களுக்கென்ன?”

“நாடுகளும் இப்படித்தான் சொல்லும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, திருத்தங்கலில் மறுபடி கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸே சேர்ந்து கேட்டது.

“காலண்டரு மாசமா இருக்கா அண்ணாச்சி?” என்றார் கண்டக்டர்.

கட்டு மெல்ல மடிக்குப் போனது. அக்கா உட்கார்ந்தார்.

“நீங்க எறங்கினதும் அக்காவ எழுப்பிட்டுத் திரும்ப வச்சுட்டா?” என்றேன்.

“வைப்பாரு. நாடுகளும் வைக்கும். திரும்பக் கேக்கணும். நீங்க இருக்கீகள்ல?”

கண்ணாடிக்காரர் ஆமத்தூரில் இறங்கிப் போய்விட்டார். மீதி வழி முழுக்க நான் அந்தக் கட்டையே முறைத்துக்கொண்டு வந்தேன். கேள்விக்கு இம்புட்டுப் பலமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நிற்பவர் ஒருவருமில்லை. ஆனாலும் பக்கத்துச் சீட்டில் இருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.