ரோபோவுக்கு வைத்த பொட்டு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கிளீனராக லொறி ஏறி, இன்று பதுளை டவுனில் சொந்த லொறிகள் ஓட்டுகிறேன். மடுல்சீமை மலை வளைவுகளில் என் லொறி ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கு ரோபோ வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கையளவு வண்டி. பிள்ளைகள் கணினியில் கட்டளைகளை அடுக்கினால் அதன்படி ஓடும். முன்னால் கண் மாதிரி இரண்டு வட்டங்கள். சுவர் நெருங்கினால் அவற்றால் அறிந்து நின்றுவிடும். “ஓடலன்னா அழக்கூடாது. எந்தப் படியில தப்புன்னு ஒண்ணொண்ணா பாருங்க” என்று டீச்சர் சொல்லிக்கொடுப்பார்.

அதில் கெட்டிக்காரி, கொழுந்து பறிப்பவள் ஒருத்தியின் மகள். பதுளையில் நடக்கும் போட்டிக்கு அவளை அனுப்பலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தாய்க்காரி வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் ஜன்னலோரம் நின்றாள். எனக்குக் கழுத்தில் மாலை, முன்வரிசை நாற்காலி.

புது வண்டியைச் சும்மா ஓடவிடுவதா? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். நசுக்க அதற்கு வலுவில்லை, நானே மிதித்தேன். லொறி ஹெட்லைட்டுக்கு வைப்பதுபோல அந்த இரண்டு கண்ணுக்கும் சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தேன். கைதட்டினார்கள்.

வண்டி நேரே போய்ச் சுவரில் முட்டியது. பிள்ளை கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் முட்டியது.

“புரோகிராம் பிழை போல கிடக்கு, பிள்ளை” என்றார் யாழ்ப்பாணத்து அதிகாரி.

அவள் இப்போது கணினியைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னை.

“டீச்சர், சந்தனம் கண்ண மறைக்குது. தொடச்சிரட்டுமா?”

“சும்மா இரு. மொதலாளி வச்ச பொட்டு.”

எனக்குக் கேட்டது. ‘தொடைம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேர் முன்னால் நான் வைத்த பொட்டை ஒரு சின்னப்பிள்ளை அழிப்பதா என்று மாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் முறையும் முட்டியது. அதிகாரி தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜன்னலோரத்தில் தாய்க்காரியைக் காணோம்.

எல்லோரும் சாப்பிடப் போன பின், என் வேட்டி நுனியால் அந்தக் கண்களைத் துடைத்து, சுவிட்சைத் தட்டி வண்டியை ஓடவிட்டேன். சுவருக்கு ஒரு சாண் முன்னால் அடக்கமாக நின்றது.

வாசலில் புத்தகப் பையோடு அவள் நின்றிருந்தாள்.

“நான் எழுதுனது சரிதாங்க” என்றாள்.

கேட்காதவன் போல வண்டியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.